உச்சந்தலை

ஜூலை 9, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். கூவாமல் ஏற்றிவிட்டேன்.

எங்கள் தெருவில் கூரைமேல் ஏறுகிற எவரும் ஏணியில் கால் வைப்பதற்கு முன்னால் குரல் கொடுப்பார்கள். "ஏறுறேன், கூரைக்கு ஏறுறேன்." மதில்கள் ஆள் உயரத்துக்கு மேல் இருப்பதால் உள்ளே பெண்கள் தலைத்துணி இல்லாமல் வேலை செய்துகொண்டிருப்பார்கள். குரல் கேட்டதும் துணியை இழுத்துக்கொள்வார்கள், அல்லது திராட்சைப் பந்தலுக்கு அடியில் நகர்ந்துவிடுவார்கள். ஆப்ரிகாட் காயப்போடுகிறவர்கள், புறா விடுகிறவர்கள், ஆன்டெனா திருப்புகிறவர்கள் எல்லாரும் கூவுவார்கள்.

நான் ஏறவில்லை. எங்கள் முற்றத்தில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறியது ட்ரோன். அது ஏறினால் நான் ஏறியதாகும் என்று தோன்றவே இல்லை. இறக்கியபிறகு அம்மா, "கூவினியா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. அதுதான் இரைச்சல் போடுகிறதே, அதுவே கூவுவதுபோலத்தானே என்றேன். அம்மா மாவை இன்னும் அழுத்திப் பிசைந்தாள்.

மாலை ட்ரோன் வகுப்பில் தாலிப் அண்ணன் ஒவ்வொரு பறத்தலையும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார்: காற்று, பேட்டரி, செய்த தவறு. அவர் பல வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். இப்போது பண்பாட்டு மாளிகையின் பின்னறையில் திங்களும் புதனும் எங்களுக்குச் சொல்லித்தருகிறார். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் இரண்டு வாரம் கண்மட்டத்துக்கு மேல் ஏற்றவே விடவில்லை. ட்ரோனின் மூக்கு நம் பக்கம் திரும்பியதும் இடது வலதாகிவிடும், கை தானாகத் தப்பாகப் போகும். எனக்கு மற்றவர்களைவிட அதிக நாள் பிடித்தது. ஆனால் எதையும் நான் இரண்டு முறை சரிபார்ப்பேன் என்பதற்காக, நேற்று வகுப்பு ட்ரோனை என்னிடமே கொடுத்தனுப்பினார்.

காற்று: ஆற்றுப் பக்கமிருந்து லேசாக. பேட்டரி: நிறைந்திருந்தது. இறக்கைகளை விரலால் சுற்றிப் பார்த்தேன். ட்ரோன் தானாகத் திரும்பிவரும் உயரத்தைப் பாப்லர் மரங்களுக்கு மேலே வைத்தேன். கேமராவை நேர்கீழாகச் சாய்த்து, வெயில் மஞ்சளாகும்வரை காத்திருந்து எடுத்தேன்.

படம் நன்றாக வந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் நன்றாகத்தான் வந்தது. கூரைகளில் ஆரஞ்சுச் சதுரங்களாக ஆப்ரிகாட். நடுவில் ஒரு நூலாக வாய்க்கால். ஓரத்தில் நெல்வயல் தண்ணீர் கண்ணாடித் துண்டுகளாக மின்னியது. ஜூன் மாத ஆலங்கட்டி மழை பந்தல்களைக் கிழித்துப் போட்டிருந்ததால், எப்போதும் இலை மூடிக் கிடக்கும் முற்றங்கள்கூடத் திறந்து தெரிந்தன. நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கலங்கல் இல்லை. அதை மட்டும்தான் பார்த்தேன்.

வகுப்புக் குரூப்பில் போட்டேன். தாலிப் அண்ணன் அதை எங்கள் ஊரான உஸ்கென் நகரத்தின் இணையப் பக்கத்தில் பகிர்ந்துவிட்டார்.

ஜூலை 10, புதன்

காலையில் ரொட்டி வாங்கப் போனேன். தெருமுனையில் ரானோ அக்காவின் தந்தூர் அடுப்பு. ஆலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடக் காவலாளி, பக்கத்துத் தெருப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். ரானோ அக்கா அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டு ரொட்டியைச் சுவரில் அறைவாள். வெளியே வரும்போது முகம் சிவந்து, வாயில் ஏதாவது செய்தி இருக்கும்.

இன்று ரொட்டியைவிட என் படத்துக்குத்தான் கூட்டம். அவள் மாவுக் கையாலேயே போனைத் தொட்டுப் படத்தின் வலது மூலையைப் பெரிதாக்கிக் காட்டினாள். கிழிந்த பந்தலுக்கு அடியில் அகலக் கட்டில். வாய்க்கால் பக்கம் சட்டையில்லாத ஓர் ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் செம்போடு ஒரு பெண் அவன் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யார் வீடுன்னு தெரியுதா, முனிரா?"

தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. சனோபர் பெரியம்மாவும், மருமகள் கமோலாக்காவும், இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீடு. கமோலாக்காவின் கணவர் இல்யோஸ் அண்ணன் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது.

இல்யோஸ் அண்ணன் வந்திருப்பார் என்றேன்.

"வந்தவன் தெருவுக்குத் தெரியாமலா வருவான்? போன வாரம்கூட சனோபர் பெரியம்மா இங்க நின்னு சொன்னாங்க, மாஸ்கோவுல மழையாம், புள்ளைக்குச் சளியாம். அதை விடு. இல்யோஸுக்கு முடி எப்படி இருக்கும்? காடு. சீப்பு உடையும். இங்க பாரு உச்சிய."

தலையின் உச்சியில் வட்டமாக வழுக்கை.

"ரொட்டி நடுவுல நான் அச்சு குத்துறேனே, அதே மாதிரி," என்றாள் ரானோ அக்கா. வரிசையில் சிரிப்பு.

குழாய் ரிப்பேருக்கு வந்தவராக இருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"சட்டையக் கழட்டிட்டா குழாய் பாப்பாங்க? எங்க வீட்டுக் குழாயும்தான் ஆறு மாசமா ஒழுகுது. எனக்கு அப்படி ஒருத்தனும் வரலை."

மறுபடியும் சிரித்தார்கள். பள்ளிக்கூடக் காவலாளி மட்டும் சிரிக்காமல் ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தலை தெரிகிறது, தோள் தெரிகிறது, முகம் இல்லை. மேலிருந்து எடுத்தால் எவர் முகமும் தெரியாது, அதனால் எவரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று முதல் வகுப்பில் தாலிப் அண்ணன் சொன்னதை நான் எழுதிவைத்திருக்கிறேன். முகம் இல்லாவிட்டால் அங்கே யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நான் வேலை செய்யும் அரிசி ஆலையில் இன்று எடைத்தட்டில் கவனம் நிற்கவில்லை. சிவப்பு அரிசியின் தவிட்டுத் தூசி கண்ணில் விழ விழ, ஒரே மூட்டையை இரண்டு தடவை நிறுத்தேன். மேஸ்திரி, "காதலா, காய்ச்சலா?" என்று கேட்டார். மதியம் படத்தை நீக்கச் சொல்லி நகரப் பக்கத்துக்கு எழுதினேன். நீக்கினார்கள். அதற்குள் எல்லார் போனிலும் அது இருந்தது.

கமோலாக்கா கல்யாண மெத்தைகள் தைப்பவர். மாலையில் நான் திரும்பும்போது, தைக்கக் கொடுத்த பட்டுத்துணியை ஒரு பெண் அவர் வீட்டிலிருந்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் கமோலாக்கா நின்றார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

வகுப்பில் தாலிப் அண்ணனிடம் சொன்னேன். இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்றார். அவர் புதுக் குடியிருப்பில் அடுக்குமாடியில் இருக்கிறார். ட்ரோனை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 11, வியாழன்

மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும் என்று நேற்றே முடிவு செய்திருந்தும், வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை அம்மா ஒரு கிண்ணம் நிறைய செர்ரி ஜாமைக் கையில் திணித்து, கதவைத் தட்டும்வரை தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமோலாக்கா திறந்தார். கண் வீங்கியிருந்தது. போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சனோபர் பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து பச்சைத் தேநீரைக் கிண்ணத்துக்கும் கூஜாவுக்குமாக ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"படம் புடிக்கிற பொண்ணு வந்துடுச்சு. உக்காரு. இன்னைக்கு எங்க இருந்து பாக்கப் போற, புகைக்கூண்டு வழியாவா?"

தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். கூவாமல் ஏற்றியது தப்பு என்றேன். அதற்கு மேல் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் வரவில்லை. பெரியம்மா எனக்கு ரொட்டியைப் பிய்த்து வைத்தார். கோபத்திலும் உபசரிக்கிற கை நிற்கவில்லை.

கமோலாக்காவின் அண்ணன் அவர்கள் ஊரான காராசூவிலிருந்து போனில் பேசியிருக்கிறார். படம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவார், தங்கையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். பேச்சுக்கு இடமில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டாராம். பெரியம்மா இதைச் சொல்லும்போது கமோலாக்கா தையல் ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தார். நூல் போகவே இல்லை.

நான் போய் உங்கள் அண்ணனிடம் சொல்கிறேன், அது குழாய்க்காரர் என்று சொல்கிறேன் என்றேன்.

"எந்தக் குழாய்க்காரன்?" என்றார் கமோலாக்கா. "பேரு கேப்பாங்க. அவனக் கூட்டிட்டு வா, தலையக் காட்டச் சொல்லும்பாங்க. உனக்குப் பொய் வராது முனிரா, விட்டுடு."

உள்ளறைக் கதவு திறந்தது. மெலிந்த ஓர் ஆள் வந்து நின்றார். எனக்கு அடையாளம் தெரியச் சிறிது நேரம் ஆனது. இல்யோஸ் அண்ணன். என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டிருக்கிறார். முன்னால் முடி ஏறிப்போயிருந்தது. பெரியம்மா, "உள்ள போடா," என்றார். அவர் போகவில்லை.

மே மாதமே வந்துவிட்டாராம். காகிதம் சரியில்லை என்று பிடித்து, ஐந்து வருடத்துக்கு ரஷ்யாவுக்குள் வரக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் பெட்டியும் பொம்மையும் குளிர்சாதனப் பெட்டியுமாக வந்து இறங்குகிற தெருவில் ஒரு பிளாஸ்டிக் பையோடு எப்படி இறங்குவது என்று விடியும் முன் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். இரண்டு வாரம் உள்ளேயே இருந்து, கசகஸ்தானில் வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டு அப்படியே போய்விடலாம் என்று நினைத்தாராம். ஏற்பாடு நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வெளியே வந்திருந்தால் ஒரு நாள் வெட்கத்தோடு போயிருக்கும். இரண்டு மாதம் ஆனபிறகு, இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அப்பாவைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறார்கள். பெரியம்மா தந்தூருக்குப் போகும்போதெல்லாம் மாஸ்கோவின் வானிலையைப் பார்த்துக்கொண்டு போவாராம்.

"மழைன்னு நான் சொன்ன அன்னைக்கு அங்க உண்மையாவே மழைடி," என்றார் பெரியம்மா என்னிடம், பெருமை மாதிரி.

பகலெல்லாம் உள்ளறை வெக்கையில் கிடந்துவிட்டு, அந்தி நேரத்தில் மட்டும் பந்தலுக்கு அடியில் வந்து குளிப்பாராம். அந்தப் பந்தலைத்தான் ஆலங்கட்டி கிழித்தது.

பெரியம்மாவிடம் ஒரு யோசனை இருந்தது. இன்று இரவே வாய்க்கால் வழியாக அவரை வெளியே அனுப்பிவிட வேண்டும். ஓஷ் நகரத்தில் பெரியம்மாவின் தம்பி வீடு. அங்கே முடி வெட்டி, கடன் வாங்கியாவது ஒரு புதுப் பெட்டி வாங்கி, நாளைக் காலை டாக்சியில் தெரு நடுவில் வந்து இறங்க வேண்டும். ஹாரன் அடிக்கச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். மாஸ்கோவிலிருந்து மகன் வந்துவிட்டான், ஞாயிறு விடியலில் தெருவுக்கே புலாவ் விருந்து. கமோலாவின் அண்ணன் வண்டியோடு வரும்போது மாப்பிள்ளை வாசலில் நிற்பான்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். இல்யோஸ் அண்ணன் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் வந்தது. எந்தச் சட்டை போடுவது என்றுகூடப் பேச ஆரம்பித்தார்கள். நான் ஜாமைத் தொட்டு ரொட்டி தின்றேன். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

கமோலாக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"நீங்க நாளைக்கு வந்து இறங்குங்க," என்றார். "செவ்வாக்கிழமை இந்த முற்றத்துல உக்காந்திருந்தவன் யாரு?"

பெரியம்மா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"புருஷன் வந்தது வெள்ளிக்கிழமை. படம் எடுத்தது செவ்வாக்கிழமை. இப்பவாவது 'யாரோ'ன்னு பேசுறாங்க. நாளைக்கு அப்புறம், புருஷன் இல்லாதப்ப வந்தவன்னே முடிவு பண்ணிடுவாங்க. நீங்க பெட்டியோட இறங்குனா, அந்தத் தலையோட பழி எனக்குத்தான்."

"கமோலா, கொஞ்ச நாள்ல..." என்று ஆரம்பித்தார் இல்யோஸ் அண்ணன்.

"ரெண்டு மாசமா உங்க மானத்த நான் மூடி வச்சேன். பானை கழுவறதக்கூட யாரும் பாக்காம கழுவினேன், ரெண்டு பொம்பள, ரெண்டு புள்ளைங்க சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய பானைன்னு யாரும் கேட்டுடக் கூடாதுன்னு. இப்ப என்னோடத நீங்க மூடணும். அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. மே மாசமே வந்தேன்னு சொல்லணும்."

"ஒளிஞ்சு கிடந்தேன்னா சொல்றது? தெருவுல நின்னா?"

"ஆமா."

"சிரிப்பாங்க."

"என்னப் பாத்து ரெண்டு நாளா சிரிக்கறாங்க. நான் சாகலை."

பெரியம்மா, ஆம்பளையை அப்படித் தெருவில் நிறுத்தக் கூடாது, வேறு ஏதாவது வழி இருக்கும் என்றார். என்னைக்கூடக் கேட்டார்: உன் மெஷினில் தேதியை மாற்ற முடியுமா? முடியாது என்றேன். எல்லாரும் செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டார்கள். இன்று மறுபடியும் ட்ரோனை ஏற்றி, இல்யோஸ் அண்ணனை மேலே பார்க்கச் சொல்லி முகத்தோடு ஒரு படம் எடுத்துப் போடலாமா என்று நான் கேட்டேன். கேட்டதுமே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. ஆனால் இல்யோஸ் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்படிச் செய்யலாம். நான் வெளிய போக வேண்டாம்ல?"

கமோலாக்கா அவரைப் பார்த்தார். திட்டவில்லை. எழுந்து போய்ப் பிள்ளைகளின் துணிகளை ஒரு பையில் அடுக்க ஆரம்பித்தார். சின்னச் சின்னக் காலுறைகளை ஜோடி சேர்த்து மடித்து வைத்தார். இல்யோஸ் அண்ணன் கதவோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்போது எழுந்து வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வெறும் ஜாம் கிண்ணத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

ஆலையில் வெள்ளிக்கிழமை அரைநாள். வெயில் சுட்டது, காற்று இல்லை. நான் வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் நின்றேன். மூன்றாவது வீட்டின் கதவு சாத்தியே இருந்தது. இரவு வாய்க்கால் வழியாகப் போய்விட்டாரோ என்று பயமாக இருந்தது. தெளித்த இடத்திலேயே மறுபடியும் தெளித்தேன்.

தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் திரும்பி வந்தார்கள். ரானோ அக்கா இரண்டாவது ஈட்டு ரொட்டியைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது கதவு திறந்தது. இல்யோஸ் அண்ணன் வெள்ளைச் சட்டையும் கறுப்புச் சதுரத் தொப்பியுமாக வெளியே வந்தார். கையில் எதுவும் இல்லை. வெயில் அவருக்குக் கூசியது. கண்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பின்னால் வாசலில் கமோலாக்கா.

நடந்த ஆண்கள் நின்றார்கள். யாரோ சலாம் சொன்னார். அவர் பதில் சலாம் சொல்லிவிட்டு நேராகத் தந்தூருக்குப் போனார். நானும் தண்ணீர்ப் பாத்திரத்தோடு பின்னால் போனேன்.

ரானோ அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அடடே இல்யோஸ். எப்ப வந்த? காலையிலயா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். பழகியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. அவர் ஆமாம் என்று சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"மே மாசம் வந்தேன்க்கா," என்றார். "திருப்பி அனுப்பிட்டாங்க. வெக்கமா இருந்துச்சு. உள்ளேயே கிடந்தேன். உங்க போன்ல இருக்கறது என் தலைதான்."

அடுப்புக்குள் ஒரு ரொட்டி சுவரிலிருந்து கழன்று சாம்பலில் விழுந்து கரியும் வாசனை வந்தது. ரானோ அக்கா அதை எடுக்கவில்லை. மார்புப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"எங்களுக்குத் தெரிஞ்ச இல்யோஸுக்கு முடி இருந்துச்சே."

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"குனி, பாக்கலாம்," என்றாள்.

ஆண்களில் பெரியவர் ஒருவர், "ரானோ, போதும்," என்றார். ஆனால் இல்யோஸ் அண்ணன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, தெரு நடுவில், அவள் முன்னால் குனிந்தார். ஆலைக்காரர்களும் தொழுகையிலிருந்து வந்தவர்களும் சுற்றி நின்றார்கள். ரானோ அக்கா போனை அவர் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவருடைய காதுகள் ரத்தமாகச் சிவந்திருந்தன. நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கமோலாக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை எடுக்கவே இல்லை.

"நிமிருடா," என்றாள் ரானோ அக்கா கடைசியில். குரல் வேறு மாதிரி இருந்தது. கூடையின் மேலிருந்து சூடான ரொட்டி இரண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். "ரெண்டு மாசம் இந்த வெக்கையில உள்ளறையில. மூளை இருக்கா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை விடியல்ல புலாவ்," என்றார் அவர், ரொட்டியைப் பார்த்துக்கொண்டே. "எல்லாரும் வரணும். நாளைக்கு சாயங்காலம் கேரட் நறுக்கணும்."

பெரியவர் வருகிறேன் என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லிக் கலைந்தார்கள். ரானோ அக்கா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கரிந்த ரொட்டியை எடுக்க அடுப்புக்குள் குனிந்துவிட்டாள்.

காராசூ அண்ணனுக்குக் கமோலாக்கா போன் செய்திருக்கிறார். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னாராம். வாசலில் தெருவே கூடியிருந்தால் அவர் நம்பக்கூடும், வெறிச்சோடிக் கிடந்தால் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பெரியம்மா பெரிய கொப்பரையை இரவல் வாங்கி வந்து கழுவிக் கவிழ்த்துவிட்டார். தெருவில் பாதி வீடு வந்தால் போதும் என்கிறார். பாதி வருமா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நாளை: மாலை நான்கு மணிக்குச் சனோபர் பெரியம்மா வீட்டு வாசலில், தெருவைப் பார்த்து உட்கார்ந்து கேரட் நறுக்க வேண்டும். கத்தியும் பலகையும் அவரவர் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டுக் கத்தி மழுங்கிக் கிடக்கிறது. காலையிலேயே சாணை பிடிக்க வேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.